ஏழாம் வளைவு லொறியின் மரண அறிவித்தல்

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட அதிபர் திவாகரன் நூலகத்துக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தபோதே நூலகர் அன்னலட்சுமிக்குச் சந்தேகம் வந்தது. சுவரைத் தட்டிப் பார்க்கிற மனிதர் வீடு வாங்க வந்தவராக இருக்க வேண்டும், அல்லது ஆணியடிக்க வந்தவராக இருக்க வேண்டும். அதிபருக்கு யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வீடு இருந்தது.

"நல்ல சுவர்," என்றார் அவர். "ஈரம் ஏறேல்லை. கதவுக்குக் கிறில் இருக்கு. பிளக் பொயின்ரும் இருக்கு."

"ஆமாங்க சேர்."

"பழைய மாணவர் சங்கத்தால ஹலீம் ஹாஜியார் எங்களுக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் தாறார். பெரிய ரீவி மாதிரி, விரலால தொட்டு எழுதலாம். இந்தப் பள்ளிக்கூடத்தில மழைக்கு ஒழுகாத அறை இது ஒண்டுதான்."

"அப்ப புத்தகமெல்லாம் சேர்?"

"படிக்குக் கீழ ஸ்ரோர் றூம் இருக்குத்தானே."

அந்த ஸ்டோர் ரூமை அன்னலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். உடைந்த மேசைகளும், போன வருட இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் செய்த காகித யானையொன்றும் அங்கேதான் கிடந்தன. யானையின் முதுகில் இப்போது காளான் முளைத்திருந்தது. புத்தகங்கள் அங்கே போனால் ஒரு மழைக்காலத்தில் அவற்றின் முதுகிலும் முளைக்கும்.

"பிள்ளைங்க வாசிக்க வருவாங்க சேர்," என்று சொல்லிப் பார்த்தாள்.

அதிபர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தவிர அசைவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

அவர் பொல்லாதவர் அல்ல. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை பத்து மணி இடைவேளைக்கு ஹாஜியார் இடம் பார்க்க வாறார். அந்த நேரம் இந்த அறை நிரம்பியிருந்தால் நான் அவருக்கு வேற இடம் காட்டுறன். வெறுமையா இருந்தால் இதைத்தான் காட்டுவன். ஆனால் பிடிச்சுக்கொண்டு வந்து இருத்தப்படாது, என்ன? தானா வந்த பிள்ளையின்ர முகம் எனக்குத் தெரியும்."

திகனவிலிருந்து ஹுன்னஸ்கிரிய போகும் வீதியில், ஒரு மேட்டின் மேல் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊர்ச் சனம் மேட்டுப் பள்ளிக்கூடம் என்றே சொல்லும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் திகன கடைக்காரர்களின் பிள்ளைகளுமாக எல்லோரும் அங்கேதான் படித்தார்கள். அன்னலட்சுமி நூலகராக வந்து இரண்டாவது வருடம். குண்டசாலையில் தங்கியிருந்து பஸ்ஸில் வருவாள். வாரத்தில் இரண்டு மாலை கண்டிக்குப் போய் நூலக வகுப்பில் உட்காருவாள். சமூக ஊடகங்கள் வழியாக மாணவரை நூலகத்துக்கு ஈர்ப்பது எப்படி என்று அங்கே ஒரு பாடமே இருந்தது. அதில் சொன்னபடி அவள் ஒன்று விடாமல் செய்திருந்தாள். பேஸ்புக்கில் நூலகத்துக்குப் பக்கம் திறந்தாள். செவ்வாயும் வியாழனும் ஒரு புத்தகத்தின் அட்டையை ரோஜாப்பூப் படத்தோடு போட்டாள். விருப்பம் தெரிவித்தவர்கள் பெரும்பாலும் சக ஆசிரியர்கள். ஒவ்வொரு முறையும் தவறாமல் முதலில் விருப்பம் தெரிவித்தது அவளுடைய இன்னொரு கணக்கு.

பிழை தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஒருவேளை ரோஜாவுக்குப் பதிலாகச் சூரியகாந்தி போட்டிருக்க வேண்டுமோ?

அன்று பின்னேரம் ஷஹ்மாவிடம் அதையே கேட்டாள். பத்தாம் வகுப்பு ஷஹ்மா நூலகத்துக்கு வருவது வாசிக்க அல்ல, மின்விசிறிக்குக் கீழே உட்கார. ஆனால் போன் விஷயத்தில் அவளை மிஞ்ச பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. உம்மாவின் போனில் அவள் செய்து போட்ட டிக்டொக் ஒன்றை மடவளையில்கூடப் பார்த்தார்களாம்.

"மிஸ், செல்றன் எண்டு கோவிக்க வாணாம்," என்றாள் ஷஹ்மா. "பூவப் போட்டாலும் ஒண்டுதான், புட்டப் போட்டாலும் ஒண்டுதான். புத்தகத்த யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்ப என்னதான் பாப்பாங்க?"

"எங்கட வாப்பா காலையில எழும்பின ஒடன மொதல்ல மௌத் அறிவித்தல்தான் பாக்குற. அதுக்குப் பொறகுதான் உம்மாட மொகம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்னலட்சுமி அதை விளையாட்டாக எடுக்கவில்லை. எதையும் விளையாட்டாக எடுக்கத் தெரியாததுதான் அவளுடைய வினையே. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே போனை எடுத்து எழுதத் தொடங்கினாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பத்திரிகையில் வருகிற முறை பிசகாமல், இறங்கும் இடத்துக்கு முன்னால் எழுதி முடித்தாள்.

*மரண அறிவித்தல். மேட்டுப் பள்ளிக்கூட நூலகம்.*

*கொழும்பு அச்சகமொன்றைப் பிறப்பிடமாகவும், எமது நூலகத்தின் மூன்றாம் அலுமாரி, கீழ்த்தட்டை வசிப்பிடமாகவும் கொண்ட 'ஏழாம் வளைவு லொறி' (மர்ம நாவல்) அவர்கள், நீண்டகாலமாக எவரும் தொடாத காரணத்தால் காலமானார். அன்னார் காலஞ்சென்ற 'பழைய உலகப்படத் தொகுப்பு' அவர்களின் அன்பு அயலவரும், 'இலகுவான தேனீ வளர்ப்பு', 'பாம்புக்கடிக்கு முதலுதவி' ஆகியோரின் பாசமிகு தட்டுத் தோழரும் ஆவார். பூதவுடல் செவ்வாய் முதல் நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டு, இறுதிக் கிரியைகள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெறும். எவராவது வாசித்தால் அன்னார் எழுந்துவிடுவார் என வைத்தியர்கள் தெரிவிக்கின்றனர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: நூலகர்.*

கீழே குத்துவிளக்குப் படம். சுற்றிவரக் கறுப்புக் கரை. போடலாமா, அபசகுனமாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியது. பெருவிரல் பட்டுவிட்டது. அறிவித்தல் போய்விட்டது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறிப் போனைத் திறந்தவளுக்குத் தலை சுற்றியது. ரோஜாப்பூவுக்கு எட்டிப் பார்க்காத சனமெல்லாம் திரண்டு வந்திருந்தது. *ஆழ்ந்த அனுதாபங்கள்.* *இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.* கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள், வெள்ளைப் பூக்கள். பேஸ்புக் முதல் இரண்டு வரியைக் காட்டிவிட்டு மிச்சத்தை 'மேலும் பார்க்க' என்ற சொல்லுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது. அந்தச் சொல்லை ஒருவரும் தொடவில்லை. மரண அறிவித்தல் என்ற தலைப்பும் பள்ளிக்கூடத்தின் பெயரும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

கட்டாரிலிருந்து ஒரு பழைய மாணவன் எழுதியிருந்தான்: "நல்ல மனுசன். என்னைய அடிச்சாலும் நல்லதுக்குத்தான் அடிச்சாரு."

அதற்குக் கீழே இன்னொருவர்: "போன கிழமைதான் திகன பஸ் ஸ்டாண்டுல கண்டேன். சிரிச்சிக்கிட்டுப் போனாரு. நம்ப முடியல."

அவருக்கு ஒரு பெண் பதில் சொல்லியிருந்தாள்: "சீனி வருத்தம் இருந்திச்சாம்."

"புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பொம்பளப் புள்ளயாம். மூத்தவளுக்கு இன்னும் கலியாணம் முடியல."

அன்னலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் அவளுடைய தோள் குலுங்குவதையும் போனில் இருந்த விளக்கையும் பார்த்துவிட்டு, முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்னலட்சுமி அவசரமாக ஒரு விளக்கம் எழுதிப் போட்டாள்: "இது ஒரு புத்தகம். தயவுசெய்து அறிவித்தலை முழுமையாக வாசிக்கவும்." திகனவில் இறங்குவதற்குள் அதற்கும் பதில் வந்திருந்தது. "உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுக்கிறோம் டீச்சர்."

அழித்துவிடுவது என்ற முடிவோடுதான் நூலகக் கதவைத் திறந்தாள். ஆனால் கதவுக்கு வெளியே ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். முன்னால் ஷஹ்மா. பக்கத்தில் அவளுடைய வகுப்பில் படிக்கும் தோட்டத்துப் பையன் நிரோஷன். அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தான்.

"மிஸ், பொடி எங்க?" என்று கேட்டான்.

"என்னடா பொடி?"

"அறிவித்தல்ல போட்டீங்கல்ல. பூதவுடல் பார்வைக்குன்னு."

இந்த ஏழெட்டுப் பேர் மட்டும் 'மேலும் பார்க்க'வைத் தொட்டிருக்கிறார்கள்! அன்னலட்சுமியின் நெஞ்சுக்குள் எதுவோ ஒன்று துள்ளியது. அழிக்க வேண்டிய அறிவித்தலை அவள் மறந்தே போனாள். மூன்றாம் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து 'ஏழாம் வளைவு லொறி'யை எடுத்துத் தூசி தட்டினாள். பிள்ளைகள் ஒரு மேசையை நடு அறைக்கு இழுத்து வெள்ளைத் துணி விரித்தார்கள். வெசாக் பண்டிகைக் காகிதக் கூட்டுக்குள் வைக்கிற பேட்டரி விளக்கொன்றை யாரோ தலைமாட்டில் வைத்தார்கள். புத்தகத்துக்குத் தலை எது, கால் எது என்று உடனே சண்டை வந்தது. பெயர் இருக்கிற பக்கம் தலை, விலை இருக்கிற பக்கம் கால் என்று ஷஹ்மா தீர்ப்புச் சொன்னாள்.

"சரி, மணியடிக்கப் போகுது. கிளாசுக்குப் போங்க," என்றாள் அன்னலட்சுமி.

நிரோஷன் அசையவில்லை. "தனியா வுடக்கூடாது மிஸ்."

"என்னத்த?"

"பொணத்த. எங்க லயத்துல யாராச்சும் செத்தா எடுக்குற வரைக்கும் மாத்தி மாத்திப் பக்கத்துல ஒக்காந்திருப்பாங்க. தனியா வுட்டா பாவம்."

பாட நேரத்தில் தானே உட்காருவதாக அவள் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவன் போனான். இடைவேளைக்கும் பள்ளி விட்ட பிறகும் இரண்டு இரண்டு பேராக முறை போட்டுக்கொண்டார்கள். முதல் முறை நிரோஷனும் ஷஹ்மாவும். கையைக் கட்டி, குனிந்த தலை நிமிராமல், பார்க்கவே பயபக்தியாக இருந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை. நிரோஷனின் சுட்டுவிரல் மெதுவாக ஊர்ந்து போய் அட்டையைத் தூக்கியது.

"டேய், மௌத்தானவர்ட மையத்துல கை வைக்கிறியா?" என்று ஷஹ்மா அதட்டினாள்.

"வாயில அரிசி போட்டுருக்காங்களான்னு பாத்தேன்," என்றான் அவன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

கதை இப்படித் தொடங்கியது. விடியப் போகிற நேரம். நல்ல மூடுபனி. தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய லொறியொன்று மலைப்பாதையின் ஏழாம் வளைவுக்குள் நுழைகிறது. எட்டாம் வளைவில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேத்தலை அடுப்பில் வைக்கிறான். தண்ணீர் கொதிக்கிறது, ஆறுகிறது. லொறி வரவில்லை. பள்ளத்தில் விழவுமில்லை. திரும்பிப் போகவுமில்லை.

"அப்ப எங்க போன?" என்று ஷஹ்மா எட்டிப் பார்த்தாள்.

முறை முடிந்தது. அடுத்த முறைக்காரர்கள் வந்து எழுப்பினார்கள். விட்ட இடத்திலிருந்து அவர்கள் வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டுமானால் அதுவரை நடந்தது தெரிய வேண்டும். ஆகவே எழும்புகிறவர்கள் உட்காருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிக்கொண்டே நின்றதால் எழும்பியவர்கள் போகவில்லை. இப்படியே மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது.

ஷஹ்மா அன்று பின்னேரம் உம்மாவின் போனில் ஒரு நிமிடக் காணொளி எடுத்து நூலகப் பக்கத்தில் போட்டாள். 'பூதவுடலின் இன்றைய நிலை' என்று தலைப்பு. அதில் நிரோஷன் கலங்கிய குரலில், லொறிச் சாரதியின் தொப்பி மட்டும் ஒரு மரக்கிளையில் கிடைத்த செய்தியை அறிவித்தான். பிறகு தலையிலடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தான். "மூணாம் அலுமாரியிலே முடங்கிக் கெடந்தியே, மொகமெடுத்துப் பாக்காமப் போனோமே" என்று அவன் இழுத்த இழுப்பில் போனைப் பிடித்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்து காணொளியே ஆடியது. ஆட்டத்தோடேயே அது ஊரைச் சுற்றியது.

புதன்கிழமை வரிசை வாசலைத் தாண்டியது. சாவும் பெருகியது. எட்டாம் வகுப்புப் பிள்ளையொருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மிஸ், தேனீ வளர்ப்பும் செத்துப்போச்சு! என் கையிலதான் உயிர் போச்சு!" அதற்கும் ஒரு மேசை, ஒரு துணி, முறைபோட இரண்டு பேர். மதியத்துக்குள் பாம்புக்கடிக்கு முதலுதவியும் மாண்டது. வியாழக்கிழமை துணி போதாமல் அன்னலட்சுமி தன் குடையை விரித்து ஒரு கலைக்களஞ்சியத்தைக் கிடத்தினாள்.

அன்று வீடு திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் இவ்வளவு சரியாக நடக்கிறது. எங்கேயோ எதையோ பிழையாகச் செய்திருக்கிறேன்.

செய்துதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலை திகனவிலிருந்து மேடு ஏறும்போது அது தெரிந்தது. சந்தியிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும், வீதியின் இரண்டு பக்கமும் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடிகள் தடிகளில் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. வாசலில் ஒரு சின்ன லொறி நின்றது. அதிலிருந்து மூன்று பேர் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கி நூலகத்துக்குள்ளும் வெளி விறாந்தையிலும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய கேத்தல் ஒன்று கல் அடுப்பில் ஏறிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிரோஷனின் அப்பா கறுப்பையா, தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர்.

"வாங்க டீச்சரம்மா," என்றார் அவர் மெல்லிய குரலில். "மனசத் தேத்திக்குங்க. பொணம் இன்னும் வரலியா? ஆஸ்பத்திரியில மறிச்சிட்டாய்ங்களா?"

"ஐயா, உங்களுக்கு யாரு சொன்னது?"

"வட்ஸ்அப்புல வந்துச்சுங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்துல சாவு, வெள்ளி பத்து மணிக்கு எடுக்குறாங்கன்னு. யாருன்னு போடல. யாரா இருந்தா என்ன, கதிரை போவணும்ல."

அன்னலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் அலுமாரியிலிருந்து தொடங்கிச் சொன்னாள். கறுப்பையா முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து, துணி போர்த்திய மேசைக்குப் போய்ப் புத்தகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்ப என் மகன் மூணு நாளா வீட்டுல ஒப்பாரி பழகுனது இவருக்காகத்தானா?"

"ஆமாங்க. மன்னிச்சிருங்க. கதிரையெல்லாம் திருப்பி ஏத்திருங்க ஐயா. பத்து மணிக்குப் பெரிய ஆளு ஒருத்தர் வாறாரு."

"அது நடக்காதுங்க," என்றார் கறுப்பையா. "எறக்குன கதிரைய, சாவு முடியாமத் திருப்பி ஏத்துனா, வேற வீடு தேடிப் போயிரும்னு சனம் பயப்படும். சங்கம் ஆரம்பிச்ச காலத்துலருந்து இதான் வழக்கம். முடிச்சிட்டுத்தான் ஏத்துவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிளேன்டீயும் வச்சாச்சு," என்று சேர்த்துக்கொண்டார்.

சனமும் வரத் தொடங்கிவிட்டது. வெள்ளைக் கொடியைப் பின்தொடர்ந்து வந்த தோட்டத்து ஆட்கள், திகன கடைக்காரர்கள், சந்தி ஓட்டோக்காரர்கள். வந்தவர்களுக்குச் செத்தது யாரென்று சொல்லப்பட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் தலையிலடித்துக்கொண்டார்கள். ஆனால் கையில் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிய பிறகு எழும்பிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் பாய்ந்து வந்தார்கள். கதிரை கிடைக்காதவர்கள் தரையில் இருந்தார்கள், யன்னலில் ஏறினார்கள். சாவு வீட்டில் வெற்றிலைத் தட்டம் சுற்றுவது போல ஷஹ்மா ஒரு தட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தாள். தட்டத்தில் புத்தகங்கள்.

"ஒண்டு எடுங்க மாமா. சும்மாதானே ஈக்கிறீங்க."

ஓட்டோக்காரர் ஒருவர் கூச்சத்தோடு தேனீ வளர்ப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நடுவில் நிரோஷன் எழுந்து நின்று மிஞ்சியிருந்த அத்தியாயங்களை உரக்க வாசிக்கத் தொடங்கினான். அது இறுதிக் கிரியையாம்.

அந்த நேரத்தில்தான் ஹலீம் ஹாஜியாரின் வேன் வந்தது. கொடிகளைக் கண்டு சந்தியிலேயே பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். கண்டியில் மூன்று கடை வைத்திருக்கும் மனிதர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நடந்து வந்தார். அவரை வரவேற்கப் போன அதிபர் அப்போதுதான் கொடிகளையும் கதிரைகளையும் முதன்முதலாகப் பார்த்தார். கொடி கட்டுமுன்பே வந்து கணக்கு அறிக்கையோடு அலுவலகத்துக்குள் கிடந்த மனிதர் ஹாஜியாருக்குக் கை நீட்டவே மறந்துபோனார்.

"யாரு சேர் மௌத்தான?" என்று ஹாஜியார் அவரது கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிபர் அன்னலட்சுமியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இடமாற்றக் கடிதமே எழுதியிருந்தது.

"ஒரு புத்தகம் சேர்," என்றாள் அன்னலட்சுமி.

ஹாஜியார் எதுவும் சொல்லுமுன் கறுப்பையாவின் ஆள் ஒருவன் அவருக்குப் பின்னால் கதிரையைத் தள்ளினான். இன்னொருவன் கையில் பிளேன்டீயைத் திணித்தான். சாவு வீட்டுப் பழக்கத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். அதிபருக்கும் ஒரு கதிரை வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து நிரோஷனின் குரல் நன்றாகக் கேட்டது. ஏழாம் வளைவுக்குப் பக்கத்தில் பாறையில் லொறிச் சில்லின் தடம் ஒன்று செங்குத்தாக மேலே ஏறிப் போயிருக்கிறது.

"மேல எப்டிப் போற?" என்றார் ஹாஜியார்.

"உஷ்!" என்றது கூட்டம்.

அவர் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறியது. அத்தியாயம் முடிந்தபோதுதான் அவருக்கு வந்த வேலை நினைவு வந்தது. "அப்ப சேர், போர்ட் மாட்டுற அறை இதானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அதிபர் பதில் சொல்லுமுன் கறுப்பையா குறுக்கே வந்தார். "இங்கயா? சாவு விழுந்த எடத்துலயா? பதினாறு முடியாம நல்ல காரியம் செய்வாங்களா மொதலாளி?"

"பதினாறோ?" என்றார் அதிபர், தன்னையறியாமல். "எங்கட பக்கம் முப்பத்தொண்டு. முப்பத்தொண்டு கழியாமல் துடக்குப் போகாது."

"எங்கட ஊட்டுல நாப்பதுக்குத்தான் கத்தம் ஓதுற," என்றார் ஹாஜியார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு மர்ம நாவலுக்கு எத்தனை நாள் துக்கம் காப்பது என்று தாங்கள் வாதாடுவது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. முதலில் ஹாஜியாரின் வயிறு குலுங்கியது. பிறகு அதிபரின் மூக்கிலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அதற்கு முன் கேட்டிராத சத்தம் அது.

"நாப்பதுக்குள்ள அடுத்தது மௌத்தாயிடும் சேர்," என்று தட்டத்தோடு நின்ற ஷஹ்மா சொன்னாள். "ரெண்டு அலுமாரி இன்னும் ஈக்கி."

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்ஆத் தொழுகைக்குக் கண்டிக்குத் திரும்ப வேண்டும். எழுந்தார். இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து நிரோஷனின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"மிஸ், இத நான் கொண்டு போறன். ஊட்டுல வாசிச்சிட்டு ட்ரைவர்ட்ட குடுத்தனுப்புறன். லொறிக்கு என்ன நடந்த எண்டு தெரியாட்டி எனக்குத் தொழுகையில நெனவு நிக்காது."

பிள்ளைகள் எல்லோரும் அன்னலட்சுமியைப் பார்த்தார்கள். நிரோஷன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். 'குடுங்கோ, குடுங்கோ' என்று அதிபர் கண்ணால் சாடை காட்டினார். வாழ்நாள் முழுவதும் யாருக்கும் இல்லையென்று சொல்லி அறியாதவள் அவள். கடையில் மிச்சக் காசுக்குப் பதில் டொஃபி தந்தாலும் வாங்கிக்கொண்டு வருவாள். சரிங்க சேர் என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க சேர்," என்றாள்.

சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இவங்க இன்னும் வாசிச்சு முடிக்கல சேர். நூலகப் புத்தகம் பிள்ளைங்களுக்குத்தான். நீங்க எப்ப வேணுமின்னாலும் வரலாம். இதே கதிரையில ஒக்காந்து வாசிக்கலாம்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "அறை இருந்தா."

ஹாஜியார் அவளைப் பார்த்தார். கதவின் கிறிலைப் பார்த்தார். ஈரமேறாத அந்த நல்ல சுவரைப் பார்த்தார். யன்னலில் தொங்கிய பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு அதிபரின் தோளில் கையைப் போட்டார்.

"சேர், உங்கட ஒபிஸ் ரூம் ஒழுகுறதா?"

"கொஞ்சம் ஒழுகும்," என்றார் அதிபர் எச்சரிக்கையாக.

"கூரைத் தகட்ட நாளைக்கு அனுப்புறன். போர்ட அங்க மாட்டுங்க. நீங்க ஒரு மேசையப் போட்டுக்கொண்டு விறாந்தையில இருங்க. நல்ல காத்து." வாசலில் நின்று அவர் அன்னலட்சுமிக்குக் கையை உயர்த்தினார். "செவ்வாக்கிழமை வாறன் மிஸ். என்ட இடத்தப் புடிச்சு வைங்க."

வேன் மேட்டிலிருந்து இறங்கும்வரைகூடப் பிள்ளைகள் பொறுக்கவில்லை. கத்திய கத்து சந்திவரை கேட்டிருக்கும். யாரோ அன்னலட்சுமியின் கையைப் பிடித்துச் சுற்றினார்கள். அவள் சுற்றினாள். சேலை மேசையில் மாட்டி, பாம்புக்கடி முதலுதவி விழுந்து, ஓட்டோக்காரர் அதைப் பாய்ந்து பிடித்தார். பிறகு நிரோஷன் தொண்டையைச் செருமினான். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இடைவேளை முடிந்த மணியை அடிக்க வேண்டிய ஆளும் கேத்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததால் அன்று மணி அடிக்கவில்லை.

அலுவலகத்தை இழந்த அதிபர் மட்டும் வாசலில் நின்றார். அவர் அன்னலட்சுமியை விரலால் அழைத்தார். அவள் பயந்துகொண்டே போனாள்.

"பிள்ளை," என்றார் அவர், உள்ளே வாசிப்பவன் காதில் விழாத குரலில். "அடுத்த வெள்ளி ஆர் சாகினம்? முதலே சொல்லிப்போடுங்கோ. எனக்கு வேட்டி தோய்க்க வேணும்."